பூசையில் வைத்த பஸூன்

பன்னிரண்டு வயதில் நான் சரஸ்வதியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஒரு கள்ளத்தனம் செய்தேன். அவளைக் கேட்காமல்தான் சேர்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூட இசைக்குழுவில் சேரப் போனபோது எனக்கு வேண்டியிருந்தது புல்லாங்குழல். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் அதுவேதான் வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது பஸூன். ஒருவரும் சீண்டாமல் அலுமாரியில் படுத்துக்கிடந்த, என் தோளுயர மரக்குழல். என் விரல்கள் நீளமாக இருக்கின்றன என்று சொல்லி ஆசிரியை அதை என் தலையில் கட்டிவிட்டார். நகரத்தின் தெற்கே பாபடோயிட்டோயில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் அதைக் காவிக்கொண்டு வந்த அன்று, விமான நிலைய வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, இதற்கு இன்னொரு அறை உள்ள வீடல்லவா பார்க்க வேண்டும் என்றார். அம்மா அதன் வாயிலிருந்த இரட்டை நாணலைப் பார்த்துவிட்டு, இது சீவாளிதானே, அப்படியென்றால் நாதஸ்வரத்துக்குச் சொந்தம் என்று முடிவுகட்டினார். நாதஸ்வரத்துக்குச் சொந்தம் என்றால் கோயிலுக்கும் சொந்தம். அதன் பிறகு அம்மாவிடம் பஸூனைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடம் ஆசிரியை கன்செர்ட்டோ என்ற இசைக்கோர்வை ஒன்றைக் கொண்டுவந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன் வெனிஸ் நகரத்துப் பாதிரியார் ஒருவர் பஸூனுக்கென்றே எழுதியது. அவர் இப்படிக் கட்டுக்கட்டாக எழுதிவைத்திருக்கிறாராம். யார் வாசிக்க எழுதினார் என்பதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாதாம். யாராக இருந்தாலும் எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம்தான் வந்தது. வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மெட்டை அமர்க்களமாக வாசிக்கும். பிறகு சட்டென்று அடங்கிவிடும். ஒரு செல்லோவும் ஹார்ப்சிகார்டும் மெல்லத் துணைக்கு வர, பஸூன் தனியே கதைக்க வேண்டும். வயலின்கள் திரும்பி வரும், திரும்பவும் அடங்கும். இப்படி மீண்டும் மீண்டும் என்னை நட்டாற்றில் விடுவார்கள். அடியாழத்துச் சுரத்திலிருந்து உச்சிக்கு ஒரே தாவாகத் தாவும் இடமொன்று உண்டு. ஒத்திகையில் அந்த இடத்தில் என் பஸூன் எருமைக்கன்றுபோலக் கத்தியது. வயலின் வரிசை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கச்சேரி ஹார்பர் பாலம் தாண்டி வடக்கே ஆல்பனியில், ஒரு வியாழக்கிழமை மாலை. அந்த வருடம் நவராத்திரி பிந்தி வந்தது. குசினி நாட்காட்டியில் அதே வியாழனில் அம்மாவின் கையெழுத்தில் ‘சரஸ்வதி பூசை’ என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. அம்மா இதில் வலு கண்டிப்பு. அன்று கரண்ட் பில் வந்தால் உறையைப் பிரிக்க மாட்டார். நான் காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியில் இருந்த எழுத்துகளை வாசித்தேன் என்று பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவர். சின்ன வயதில் ஊரில் இந்த நாளில் ஒளித்து ஒரு கொப்பியை எடுத்துப் படித்தாராம், அந்த வருடச் சோதனையில் தவறிவிட்டாராம். சரஸ்வதி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அம்மா சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

புதன்கிழமை பின்னேரம், பஸூனையும் பூசையில் வைக்கலாமா என்று நானே கேட்டேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று அப்பாவிடம் அவர் சொன்னது என் அறைவரை கேட்டது. பெட்டியைத் திறந்து கும்பத்தின் முன் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கச்சேரி பற்றிய கடிதம் என் புத்தகப்பையின் அடியில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊரில் ஒருவருடைய சாமி விஷயம் என்றால் மறுபேச்சு இருக்காது. ஆசிரியையின் முகம் வாடியது. ஆனாலும், இது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கன்செர்ட்டோவை விட்டுவிடலாம் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஆசிரியையின் மரியாதை அதோடு நிற்காது என்று நான் நினைக்கவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். உங்கள் புனித நாளில் கச்சேரி வைத்துவிட்டோம் என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்காக.

அம்மா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். இன்றைக்குத்தானா கச்சேரி, நடுவில் தனியாக வாசிப்பது நீயா என்று கேட்டார். இரண்டுக்கும் தலையாட்டினேன். பிறகு முகம், கால் கழுவிவிட்டு வந்து கற்பூரம் கொளுத்தினார். கடைசி நம்பிக்கையாக, பூசையில் வைத்ததைத் தொடக்கூடாதே என்று நினைவூட்டினேன்.

“நீ தொடாதை. நான்தான் எடுக்கிறன். என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்” என்றார் அம்மா.

பூக்களை விலக்கிப் பெட்டியை மூடித் தூக்கினார். வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தரம் கீழே வைத்தார். பெட்டி பாரம் என்று நினைத்தேன்.

அப்பா வேலையில் இருந்தார். அதுவரை ஹார்பர் பாலத்தில் கார் ஓட்டியிராத அம்மா அன்று ஓட்டினார். பாலத்தில் ஏறும்போது அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“உனக்குப் பயமோ?”

இல்லை என்றேன்.

“எனக்குப் பயமாத்தான் கிடக்கு.”

இடது பக்கப் பாதையிலேயே போனால் ஒன்றும் ஆகாது என்று ஆங்கிலத்தில் தைரியம் சொன்னேன்.

ஆசிரியை என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார், கன்செர்ட்டோவைத் திரும்பவும் சேர்த்துவிட்டார். வயலின்கள் அடங்கி முதல்முறை தனியே விட்டபோது ஆசிரியையின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தேன். தாவும் இடம் இரண்டு முறை வருகிறது. முதல்முறை சுத்தமாக ஏறிவிட்டது. இரண்டாம்முறை எருமைக்கன்று லேசாகத் தலைகாட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. மெதுவான பகுதி வந்தபோது, மரத்திலிருந்த சந்தனம் மணக்க, நான் பயப்படுவதையே மறந்துபோனேன். அது நான் வாசிப்பதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். என் பெயருக்கு மட்டும் அர்ச்சனை செய்யச் சொன்னார். சரஸ்வதியின் முன் கண்ணை மூடிக்கொண்டு கன நேரம் நின்றார். கன்னத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. நான் வாசித்தது அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது, அதற்குத்தான் அம்மா நன்றி சொல்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.