பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஸ்பீக்கர் பெட்டி செய்வதில் எனக்கு இருபது வருடப் பழக்கம்; திமிர் அதைவிடப் பெரியது. நடனப் பள்ளிக்கு, உள்ளே புனல்போல் விரியும் ஒரு ஹார்ன் பெட்டி செய்தேன். அதிலிருந்த ஸ்பீக்கரின் கூம்பு பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. நாற்பது ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சத்தத்துக்கு ஹார்னுக்குள் இருக்கும் காற்றே அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே பிடிப்பு இல்லை, கூம்பு தறிகெட்டு ஆடும். அந்தக் கீழ்ச்சத்தத்தை வெட்ட ஒரு ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். பேஸ் குறைந்துவிடும் என்று நான் போடவில்லை.

முதல் நிகழ்ச்சியிலேயே ஸ்பீக்கர் படபடவென்று அடித்துக்கொண்டு செத்தது. மிக்ஸரில் இருந்தவன் என் மச்சினன். எல்லோர் முன்னாலும் அவன்மேல் பாய்ந்தேன்.

"கண்ணு மண்ணு தெரியாம ஏத்தி வச்சு கெடுத்துட்டியேடா."

பட்டறையில் ஸ்பீக்கரைப் பிரித்தபோது, கூம்பை அசைக்கும் காயிலின் அடிப்பக்கம் பின்தகட்டில் மோதி நசுங்கியிருந்தது. சத்தத்தை ஏற்றியதால் அல்ல, ஃபில்டர் இல்லாமல் கூம்பு எல்லை மீறி ஆடியதால் வந்த அடி என்று எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவனுக்குப் புரியவில்லை.

"மன்னிச்சிருங்க மாமா, இனிமே பாத்து வைக்கிறேன்."

"சரி விடு" என்று பெரிய மனது பண்ணினேன்.

மறுநாள் அவனுக்குத் தெரியாமல் ஃபில்டரைப் போட்டேன். இன்றுவரை என் பெட்டி எதிலும் அவன் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை.