நீல மருந்தும் கொசுத்தேனும்

சாம்பமூர்த்தி குருக்களோடு வாதாடி ஜெயித்தவர்கள் திருவண்ணாமலையில் யாரும் கிடையாது. ஜெயித்தாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் அது கணக்கில் வராது. அண்ணாமலையார் கோயிலில் பரம்பரை பூஜை முறை உள்ள குடும்பம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் கொல்லையில் ஒரே கிணறு. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கு வேடிக்கை பார்க்க அந்தக் கிணற்றடியும் குருக்கள் மாமாவும்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம் நான் பார்த்த வேடிக்கையை, சிரிக்காமல் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

மாமாவுக்கு நாக்கு நீளம், பேசவும் சரி, தின்னவும் சரி. சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், கற்கண்டு எதையும் விடமாட்டார். ஆனால் உயிர் என்றால் தேன்தான். அபிஷேகத்துக்கு பக்தர்கள் கொண்டுவரும் தேனில் அவருடைய பங்கு ஒரு சொம்பில் வீடு வந்துவிடும். போதாததற்கு, ஜவ்வாது மலையிலிருந்து சின்னசாமி என்பவர் தேன் கொண்டுவருவார். அவர் வந்த நாளில் மாமா பூஜை முடித்து வரும் வேகத்தைப் பார்த்தால், வீட்டில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

அந்த வருஷம் ஆவணியில் பிராகாரத்தில் சிதறு தேங்காய் ஓடு ஒன்று அவர் குதிகாலில் ஏறிவிட்டது. சின்னக் காயம். மஞ்சள் வைத்தார்கள், வேப்பெண்ணெய் வைத்தார்கள், ஆறவில்லை. ஆறுகிற மாதிரி தோல் மூடும், மறுபடி வெடிக்கும். கடைசியில் டாக்டரிடம் போனால், "குருக்களே, உங்களுக்கு சர்க்கரை வியாதி. இனிப்பை நிறுத்தினாத்தான் புண்ணு ஆறும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேறு யாருக்காவது என்றால் புண் மட்டும்தான் கவலை. மாமாவுக்கு அப்படி இல்லை. ரத்தம் கசியும் உடம்போடு கர்ப்பக்கிரகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அந்த வருஷம் பார்த்துத்தான் கார்த்திகை தீபத்தன்று பூஜை முறை அவர் பங்குக்கு வந்திருந்தது. பங்காளிகளுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற முறை அது. அடுத்தது எப்போது வருமோ, அதுவரை நாம் இருப்போமோ என்று சொல்ல முடியாது. அவருடைய அப்பாவுக்கு அது வராமலே போய்விட்டது. தீபத்துக்குள் குதிகால் ஆறவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

"இனிப்பை விட்டுட்டேன், போதுமா?" என்றார் மாமா, வடிவாம்பாள் மாமியிடம். மாமி தேன் ஜாடியைக் காட்டினாள்.

"ஏன்னா, இதுவும் இனிப்புதானே?"

"தேன் எப்படிடீ சர்க்கரையாகும்? சர்க்கரை கரும்புலேர்ந்து வரது. தேன் பூவுலேர்ந்து வரது. பூவுக்கு வியாதி வருமோ?"

பூவையே சாட்சிக்கு இழுத்துவிட்டார் மாமா. போதாக்குறைக்கு சின்னசாமி வேறு வந்து சேர்ந்தார். "எல்லாத் தேனும் ஒண்ணு இல்லீங்க சாமி. பாறையில தொங்குறது மலைத்தேனு, அது சூடு. மரப்பொந்துல எடுக்கிறது பொந்துத்தேனு. கொம்புல கட்டுறது கொம்புத்தேனு. இதுதாங்க கொசுத்தேனு, கொசு மாதிரி பொடி ஈ கட்டுறது, கம்மியாத்தான் கிடைக்கும், மருந்துக்குத்தான் குடுப்போம்" என்று நாலையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். மாமாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எந்தத் தேன் சர்க்கரையை ஏற்றுகிறது, எது ஏற்றவில்லை என்று தானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

அப்போதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேலூர் போகவேண்டும். வீட்டில் பார்ப்பதற்கு டாக்டர் ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார். குழாயில் மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் ஜாஸ்தி, செங்கல் நிறம் வந்தால் தொலைந்தது. இந்தக் காரியத்தை மாமி சமையலறைப் பக்கமே விடவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்தான் ஆராய்ச்சிசாலை. பார்த்து முடித்ததும் மாமா தலையோடு குளிப்பார். இல்லாவிட்டால் மடி போய்விடும். ஐப்பசி மாசக் குளிரில் ஒரு மனுஷன் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் குளித்ததை எங்கள் தெருவைத் தவிர வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

மலைத்தேன் சாப்பிட்ட நாள் செங்கல். பொந்துத்தேனுக்கும் கொம்புத்தேனுக்கும் மஞ்சள். கொசுத்தேன் சாப்பிட்ட அன்று லேசான பச்சை! மாமா ஈரத் துண்டோடு குதித்துக்கொண்டு வந்தார், புண்ணுக் கால் என்பதையும் மறந்து.

"பாத்தியா வடிவு! கொசுத்தேன் ஒண்ணும் பண்ணலை!"

மாமி அரிசி களைந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்: "இன்னிக்கு கிருத்திகை. கார்த்தாலேர்ந்து நீங்க பட்டினி. அந்த ஒரு ஸ்பூன் தேனைத் தவிர வயத்துல என்ன இருக்கு? மலைத்தேன் சாப்பிட்ட அன்னிக்கு யார் ஆத்துக் கல்யாணத்துல சாப்பிட்டேள், ஞாபகம் இருக்கோல்லியோ?"

எனக்கு வந்த சிரிப்பில் கயிறு நழுவி வாளி கிணற்றில் விழுந்துவிட்டது. மாமா என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், உண்மையைச் சொன்னதற்கு மாமிக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.

மாமி அதோடு விடவில்லை. "வயிறு எதுக்கு நடுவுல? தேனையே நேரா குழாயில விட்டுப் பாருங்கோ" என்றாள். மாமாவும் ஒவ்வொரு தேனையும் தண்ணீரில் கரைத்து, புதுக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சினார். மலைத்தேன் செங்கல். பொந்து செங்கல். கொம்பு செங்கல். மருந்துக்குக் கொடுக்கிற கொசுத்தேனும் அதே செங்கல். மாமா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மனுஷர் சும்மா இருப்பாரா? உள்ளே போய் வெள்ளைச் சர்க்கரையை எடுத்து வந்து அதையும் கரைத்துக் காய்ச்சினார்.

நீலம் நீலமாகவே நின்றது. கற்கண்டைப் போட்டார், அதுவும் நீலம்.

நானும் மாமியும் குனிந்து குழாயை எட்டிப் பார்த்தோம். மாமா எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார். "குத்தவாளி தேன்தான். ஒத்துக்கறேன். ஆனா சர்க்கரை நிரபராதி! அதைப் போய் வியாதிக்குப் பேரா வெச்சிருக்கா பாரு!" அன்றைக்கே தேன் ஜாடியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். காபியில் மட்டும் சர்க்கரை இரட்டிப்பானது. மடியில் எப்போதும் கற்கண்டு. கண்ணால் பார்த்த பிறகு மாமியும் தடுக்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. புண் ஆறுவதற்குப் பதிலாக ஓரமெல்லாம் கறுத்தது. பெரிய பங்காளி உமாமகேஸ்வர குருக்கள் வீட்டுக்கே வந்து, "கசிவு நிக்கலைன்னா தீபத்தன்னிக்கு உன் இடத்துல என் பிள்ளை நிக்கட்டும். தப்பா நெனச்சுக்காதே சாம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அன்று மாமி கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "முறை போனா போறது. இந்தக் காலை எடுக்கணும்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். மாமா உள்ளேயிருந்து அதைக் கேட்டார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த நீல மருந்துக்கு வெள்ளைச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கத் தெரியாதுங்க. ஆனா வயித்துக்குள்ள போனதும் அது உடைஞ்சு தேன்ல இருக்கிற அதே ஜாதி சர்க்கரையாயிடும். ரத்தத்துல ஏறும். நம்பிக்கை இல்லன்னா, சர்க்கரைத் தண்ணில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நல்லா கொதிக்க வெச்சு, அப்புறம் மருந்துல விட்டுப் பாருங்க."

"தேன்ல எது தேவலை?" என்று மாமா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பூவுக்குப் பூ கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். ஒண்ணு சீக்கிரம் ஏத்தும், ஒண்ணு கொஞ்சம் மெதுவா ஏத்தும். ஏத்தாத தேன்னு ஒண்ணு கிடையாது குருக்களே. உங்க காலுக்கு இப்ப எதுவுமே வேணாம்."

வீட்டுக்கு வந்து அதையும் செய்து பார்த்தார். எலுமிச்சை சேர்த்துக் கொதிக்க வைத்த சர்க்கரைத் தண்ணீர், நீல மருந்தில் விட்டுக் காய்ச்சியதும் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகி நின்றது. மாமா விளக்கை அணைத்துவிட்டு, மடியிலிருந்த கற்கண்டை எடுத்துக் கல்லில் வைத்தார்.

"விட்டுடறேன் வடிவு" என்றார்.

"டாக்டர் சொன்னதுக்காகத்தான் ஒரு தடவை விட்டேளே!" என்றாள் மாமி. "காசிக்குப் போறவா பிடிச்ச பழத்தை விட்டுட்டு வரா இல்லையா? அதுக்கப்புறம் உயிர் போனாலும் தொடறதில்லை. நீங்க உண்ணாமுலையம்மன் சந்நிதியில போய் இனிப்பை விட்டுட்டு வாங்கோ."

அன்று சாயங்காலமே மாமா போனார். பூஜை செய்கிற உரிமை உள்ளவர், அர்ச்சனைக்கு வந்த ஆளைப்போல வெளியே வரிசையில் நின்று, இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் சொன்னதை வாதாடி முறியடிக்கலாம், அம்மனிடம் கொடுத்த வாக்கை என்ன செய்வது? அதன் பிறகு நைவேத்தியப் பொங்கலைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. கிணற்றடிக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்து, பிறகு நீலத்துக்கு வந்தது. கொடியேறிய பிறகு கசிவு நின்றது. தீபத்துக்கு முதல் நாள் உமாமகேஸ்வர குருக்கள் வந்து குனிந்து குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். "நீயே நில்லுடா சாம்பு" என்று சொல்லி மாமாவின் தோளைத் தட்டினார்.

மறுநாள் விடியற்காலை பரணி தீபம். கூட்டத்தில் நசுங்கி, நானும் மாமியும் எப்படியோ முன்னால் போய்விட்டோம். கர்ப்பக்கிரகத்தில் தீபத்தை ஏற்றி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு மாமா வெளியே வந்தார். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று மண்டபமே அதிர்ந்தது. எல்லாத் தலையும் அந்தச் சுடரைப் பார்க்க நிமிர்ந்தபோது மாமி மட்டும் குனிந்து, ஈரத் தரையில் பதிந்து வரும் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைத் தாண்டும்போது மாமா கவனித்துவிட்டார்.

"ஜோதியைப் பாருடீ. என் காலை என்ன பாக்கறே?"

"ஜோதி வருஷா வருஷம் வரும்" என்றாள் மாமி. "நேக்கு இந்தக் கால் ஆத்துக்கு நடந்து வரணும்."

மாமா தீபத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஜோதியை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.