கால் மட்டும் போதும்

யானைக்கால் நோய்க்கான மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒப்பந்த வேலைதான். அசோக் நகரில் பஸ் ஏறி அடையாறில் இறங்குவேன். தோளில் துணிப்பை, அதில் இரண்டு வகை மாத்திரை, ஒரு ரிஜிஸ்டர், மாத்திரை சாப்பிட்டவர்களின் விரலில் மை வைக்க ஒரு பேனா. கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது, கண் முன்னால் விழுங்க வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாடி வீடுகளில் கிரில் கதவையே திறக்க மாட்டார்கள். "எங்களுக்கெல்லாம் அது வராதும்மா" என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆற்றோரக் குடிசைகளில் அப்படி இல்லை. சாப்பிட்டாச்சா என்று நான் கேட்பதற்குள் சொம்பில் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன்.

நாற்பதைத் தாண்டியவர். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகனையும் மருமகளையும் கூப்பிட்டு விழுங்க வைத்து, தன் மாத்திரைகளையும் வாயில் போட்டு, நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு கேட்டார்.

"சிஸ்டர், இத்த போட்டா கால் வத்துமா?"

"யாருக்குக் கால்?"

சேலையைக் கொஞ்சம் தூக்கினார். இடது காலில் கணுக்கால் என்று தனியாக ஒன்று இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரே தடிமனாக இறங்கி, பாதத்தின் மேல் மடிந்து கிடந்தது. தோல் கருத்துச் சொரசொரத்திருந்தது. விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறியிருந்தன. சேலை தரையில் புரள்வதை முதலிலேயே பார்த்திருந்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

பயிற்சியில் சொன்னதையே சொன்னேன். "வத்தாதுக்கா. இது இனிமே யாருக்கும் வராம இருக்கறதுக்கு."

"அப்போ வந்தவங்களுக்கு?"

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். பெயர், வயது, விழுங்கினாரா, இல்லையென்றால் என்ன காரணம். வேறு கட்டம் இல்லை. விழுங்கினார் என்று எழுதிவிட்டு அவர் விரலில் மை வைத்தேன்.

எங்கள் அலுவலகமே மயிலாப்பூரில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் கால் வீங்கியவர்கள் வருவார்கள். அவரையும் வரச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார், இடது காலில் பட்டை வெட்டிய ஓர் ஆண் செருப்பும், வலது காலில் பெண் செருப்புமாக.

அங்கே வைத்தியம் என்று செய்ததெல்லாம் கால் கழுவக் கற்றுக்கொடுப்பதுதான். காலையும் மாலையும் சோப்புப் போட்டு மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டும். விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, களிம்பு தடவி, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த இடுக்குப் புண்கள் வழியாகத்தான் கிருமி போகும். தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் ஜுரம் வந்து நான்கைந்து நாள் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். ஒவ்வொரு ஜுரத்துக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். அந்த அக்காவுக்கு அது மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னபடி செய்தார். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்தார். குழம்புச் சட்டி தேய்ப்பதுபோல அவ்வளவு கவனமாகத் தன் காலைத் தேய்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "நாலு மாசமா நெறி கட்ல சிஸ்டர்" என்றார். அதற்குமுன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது தன் கதையைச் சொல்வார். கல்யாணத்தின்போது கணுக்கால் தெரிந்ததாம். மகன் பிறந்த பிறகு வீக்கம் ஏற ஏற, புருஷன் வீட்டுக்கு வருவது குறைந்து, ஒருநாள் நின்றே போனது. வேலை செய்த ஒரு வீட்டில், வாசல் கழுவச் சேலையைத் தூக்கிச் செருகியபோது பார்த்துவிட்டு மறுநாளே வர வேண்டாம் என்றார்கள். "கொயந்திங்க பயப்படுதாம். ஒட்டிக்குமோன்னு அவங்களுக்குத்தான் பயம்" என்றார். அதன்பிறகு எந்த வீட்டிலும் சேலையைத் தூக்கிச் செருகியதில்லை. ஈரச் சேலையோடுதான் நாள் முழுவதும் நிற்பார். அந்த ஈரமே காலுக்கு எதிரி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் பகுதியில் புதிதாக யாருக்கும் தொற்று இல்லை. நல்ல செய்திதான். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று பெருமையாகவே இருந்தது. தி. நகரில் ஓர் ஓட்டலில் கூட்டம் வைத்தார்கள். டெல்லியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வா என்று எங்கள் மேலாளர் என்னிடம் சொன்னார்.

அக்கா அன்று வேலைக்கு லீவு போட்டார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு வந்திருந்தார். ஏசி அரங்கில் கடைசி வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, சேலையைத் தூக்கச் சொன்னார்கள். கேமராக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "முகம் வராதும்மா, பயப்படாதீங்க. கால் மட்டும் போதும்" என்றார். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னார். அக்கா திருப்பிக் காட்டினார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தேநீர் இடைவேளையில் டெல்லி அதிகாரி ஒருவரிடம், ஏற்கெனவே வீங்கிப்போனவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். முதலில் பரவுவதை நிறுத்த வேண்டும், இது அடுத்த கட்டம், அதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும் என்றார். பிறகு, கையில் சமோசாத் தட்டோடு, என் ஊர் எது என்று விசாரித்தார். நானும் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்.

"மூஞ்சி இன்னாத்துக்கு வேணாம்னாங்க?"

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு."

"எங்க ஏரியாவுல என் கால வச்சித்தான் எனக்கு அடையாளமே சொல்வாங்க. மூஞ்சிய எவன் பாத்தான்?" என்றார். கோபமில்லை. தலையில் இருந்த பூவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடத்தோடு எங்கள் பகுதியில் மாத்திரை கொடுப்பது நின்றது. நோய் இல்லாத இடத்தில் கிளினிக் எதற்கு என்று அதையும் மூடினார்கள். மீதியிருந்த களிம்பையும் சோப்பையும் வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். என்னை வீடுகளில் கொசுப்புழு தேடும் வேலைக்கு மாற்றினார்கள்.

அடுத்து ஆற்றோரத்தைக் காலி செய்தார்கள். அக்கா குடும்பத்துக்குப் பெருங்குடியையும் தாண்டி வெகுதூரத்தில் ஒரு அடுக்குமாடியில் ஏழாவது மாடி வீடு கிடைத்தது. லிஃப்ட் ஓடும் நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். மந்தைவெளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நின்றுகொண்டே போய் வந்ததில் கால் தூண்போல ஆனது. முதலில் ஒரு வீட்டை விட்டார். பிறகு எல்லாவற்றையும் விட்டார்.

ஒருநாள் மதியம் அவர் மருமகள் போன் செய்தாள். "சிஸ்டர், அத்தைக்கு ரெண்டு நாளா ஜுரம். இன்னா இன்னாவோ உளறிக்கினு கீறாங்க." நான் போனபோது கால் நெருப்பாய்க் கொதித்தது. மடிப்புகளிலிருந்து நீர் வழிந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகனும் பக்கத்து வீட்டு ஆண்கள் மூன்று பேரும் ஏழு மாடியும் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. அப்போது மட்டும் கண்ணைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் மிகவும் இளையவர். "இதைப் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். இங்க இன்னும் இருக்கா?" என்று என்னிடமே கேட்டார். அக்கறையாகப் பார்த்தார். ஒன்பது நாள் ஊசியில் ஜுரம் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனி எங்கே காட்டுவது என்று கேட்டேன். தோல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவைக் கைகாட்டினார்கள். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இதில் வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை என்றார்கள். அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று இடத்திலும் சேலையைத் தூக்கிக் காட்டினார்.

அதன்பிறகு சோப்பும் களிம்பும் வாங்கிக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். போன தடவை கொடுத்த சோப்பு உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

"ஏன்க்கா?"

"தண்ணி காலைல ஒரு மணி நேரம் வருது. ஆக்கணும், துவைக்கணும், புள்ளைக்கு ஊத்தணும். இதுல ரெண்டு வேளை காலுக்கு ஊத்தறதுக்கு எங்க போறது?"

பேத்தி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெய்யாலுமே இந்த சீக்கு ஊர்ல இல்லியா சிஸ்டர்?" என்றார்.

"இல்லக்கா. புதுசா யாருக்கும் இல்ல."

"இதுக்கு வராதுல்ல?"

"வராது."

தலையாட்டினார். அக்கா கீழே இறங்கிப் பதினோரு மாதம் ஆகிறது என்று மருமகள் சொன்னாள். ஓட்டுப் போடக்கூட இறங்கவில்லையாம். கிளம்பும்போது அக்கா, "நீ இனிமே வராத சிஸ்டர். அவ்ளோ தூரம் உனக்கும் பேஜார்" என்றார். இல்லை, வருவேன் என்றேன். அதற்கப்புறம் இரண்டு முறை போனேன். பிறகு வேலை, வீடு, மழை என்று தள்ளிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. போக முடியாமல் இல்லை. போய் உட்கார்ந்து எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் மருமகள் கூப்பிட்டாள். போனைக் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். வலது பாதமும் வீங்க ஆரம்பித்திருக்கிறது, எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அவள் சரி சிஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டாள்.