ஆயிரத்து ஏழு

ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் 4.1 வந்தது. டைமர் தானாக ஓட்டினால் 41 வந்தது. நேரத்தை இரண்டு நிமிடம் தள்ளி வைத்து மூன்றாவது முறையும் பார்த்தாள். அதே 41.

வார்டு சிஸ்டர் கணினி அறை வாசலில் தாளோடு நின்றார்.

“பன்னெண்டாம் பெட்டுக்குப் பொட்டாசியம் நாப்பத்தொண்ணாம். மனுஷன் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு. உன் மெஷின் சொல்றதப் பாத்தா நேத்தே போய்ச் சேந்திருக்கணும்.”

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன் சிஸ்டர்.”

“முந்தாநேத்தும் இதத்தான் சொன்ன. நாங்க கையால எழுதி, பன்னெண்டோட ரிசல்ட்டு இருபத்தொண்ணாம் பெட்டுக்குப் போச்சு. டாக்டர் கவனிச்சாரு, பொழச்சோம். நாளைக்கு ஆறு மணிக்கு லிஸ்ட் ஒழுங்கா வரணும்மா. எனக்கு இன்னொரு தடவ அந்த மாதிரி ஆகக் கூடாது.”

தினமும் காலை ஆறுக்கு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி வார்டுகளுக்குப் பட்டியல் அச்சிடும். புது லினக்ஸ் கணினிக்கு மாறிய முதல் இரண்டு நாளும் மாட்யூல் என்கிற துணை நிரல் ஒன்றைக் காணோம் என்று சொல்லிவிட்டு அது படுத்துக்கொண்டது. மாட்யூலை இணையத்திலிருந்து இறக்கினாள். அது கம்பைலர் கேட்டது, கொடுத்தாள். இன்னொரு மாட்யூல் கேட்டது. அந்த இன்னொன்று மேலும் இரண்டைக் கேட்டது. சம்பந்தி வீட்டார் மாதிரி. எல்லாம் கொடுத்த பிறகு, நிறுவும் முன் அதுவே நடத்திப் பார்க்கும் சோதனைகளில் ஒன்று தேறவில்லை. போய்த் தொலையட்டும் என்று கட்டாயப்படுத்தி நிறுவினாள். அதற்குக் கிடைத்ததுதான் இந்த 41.

ஆய்வக எந்திரம் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். 4,1. மாட்யூல் காற்புள்ளியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அதுவரை புரிந்தது. அவள் ஓட்டினால் மட்டும் ஏன் எறியவில்லை?

டேட்டா என்ட்ரியில் சேர்ந்து, பதினேழு வருஷத்தில் இந்த அறைக்குள் வந்து சேர்ந்தவள். ஜன்னல் இல்லாத அறை. குளிருக்கு வருஷம் முழுக்க ஸ்வெட்டர். வீட்டில் கணவர், “உன் மெஷினுக்குச் சளி பிடிக்காதா?” என்பார். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள். மற்றதில் பதினோரு மாதமாக அவள் பை.

கையால் ஓட்டி, மாட்யூலை எங்கிருந்து எடுத்தாய் என்று ஸ்கிரிப்டிடமே கேட்டாள். திரையில் ஒரு பாதை வந்தது. நடுவில் ஒட்டகத்தின் பெயர்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பான் என்பதால் ஒட்டகம். அந்த இரண்டாவது நாற்காலிக்காரன். தண்ணீர் குடிடா என்று அவள் சொன்னதெல்லாம் கிண்டலாகவே போய்விட்டது. சிறுநீரகம் என்று தெரிந்தபோது, இதே மருத்துவமனையில் அவன் ரத்த முடிவும் அவன் எழுதிய ஸ்கிரிப்டின் பட்டியலில்தான் வந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அவன் கணக்கை அவளே நீக்கினாள். கோப்புகளையும் நீக்கவா என்று கணினி கேட்டிருந்தது. வேண்டாம் என்றிருந்தாள்.

பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்ததில் அவன் கோப்புறையும் வந்திருக்கிறது. சரி. அதைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளராக, மருந்தகத்தில் போன வாரம் சேர்ந்த பெண்ணின் பெயர்.

போனில் கூப்பிட்டாள்.

“நீ மெஷின்ல ஏதாச்சும் ஃபைல் வெச்சியா?”

“அய்யோ அக்கா, எனக்குப் பாஸ்வேர்டே மறந்துபோச்சு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு மூணு நாளா பேசாம இருக்கேன்.”

அவனைப் பார்த்தேகூட இராத பெண். அப்புறம்தான் பொறி தட்டியது. பெயர்கள் நமக்காக. கணினிக்குள் ஆட்கள் வெறும் எண்கள். அவன் 1007. கணக்கு போனதும் எண் காலியானது; அவன் கோப்புகளில் மட்டும் ஒட்டியிருந்தது. புதிதாக வந்தவளுக்குக் காலி எண்ணைக் கொடுத்துவிட்டது. செத்தவன் சட்டையை யார் என்று சொல்லாமல் மாட்டிவிட்ட மாதிரி.

இன்னொன்று பாக்கி இருந்தது. அவள் ஓட்டினால் மட்டும் ஸ்கிரிப்ட் எப்படி அவன் கோப்புறைக்குள் போகிறது? உள்ளே நுழையும்போதெல்லாம் ஓடும் தன் தொடக்கக் கோப்பைத் திறந்தாள். கடைசியில், மாட்யூல்களை முதலில் அங்கே போய்த் தேடு என்று ஒரு வரி. மேலே ஒரு குறிப்பு.

“நான்தான் போட்டேன். எடுத்துடாத. எடுத்தா என்னத் தேடுவ.”

ஆறு வருஷத்துக்கு முந்திய தேதி. ஆறு வருஷமாக அவள் திரைக்கு வந்த ஒவ்வொரு காலையும் இந்த வரி ஓடியிருக்கிறது. பழைய கணினியில் டைமருக்கும் இதே வரியை எழுதி வைத்திருந்தான். புதியதில் அவள் நேரத்தை மட்டும் எழுதினாள்.

எடுக்காமல் விட்டால் வேலை நடக்கும். டைமருக்கும் அந்த வரியைக் கொடுத்தால் போதும். ஆனால் மருந்தகப் பெண் தெரியாமல் எதையாவது அழித்தால் பன்னிரண்டாம் படுக்கை மறுபடி 41. வெகுநேரம் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் யாரோ மூச்சு விடுவதுபோல ஏசி இரைந்தது. திரும்பவில்லை.

கட்டாயப்படுத்தி நிறுவியதை நீக்கினாள். காற்புள்ளிக்காக அவன் திருத்திய மாட்யூலைப் பொது இடத்துக்கு நகலெடுத்தாள். உரிமையை நிர்வாகக் கணக்குக்கு மாற்றினாள். தன் கோப்பிலிருந்து வரியை எடுத்தாள், குறிப்போடு. டைமரை ஓட்டினாள். 4.1. கோப்புறையை அழிக்கச் சொன்னாள். இந்த முறை கணினி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. பன்னிரண்டாம் படுக்கைக்கு 4.3. சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்கு மருந்தகப் பெண் வந்து புது பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டாள். இவள் உட்காரச் சொல்லி மற்ற நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தாள். பெண் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனாள். பதினொன்றரைக்கு ஆய்வகத்திலிருந்து காகிதம் கேட்டு ஆள் வந்தான்.