லேசோவுக்குப் போகும் வழியில் இறக்கையில் ஏறிய பனிக்கட்டி

மேகத்துக்குள் போனால் இறக்கையில் பனி உறையும் என்ற எச்சரிக்கையைக் காலையிலேயே வாசித்துவிட்டு, அதை எங்களிடம் சொல்லாமல், சிறிய விமானமொன்றில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார் ரமணன். நடந்த அநியாயம் இதுதான். இதைச் சின்ன விசயம் என்பவர்கள் மேலே வாசிக்க வேண்டாம்.

சென்ற தை மாதம், ஒரு சனிக்கிழமை. ரமணன் டேனிஷ் ஊரான பிராண்டேயில் பொறியியலாளர். விமானம் ஓட்டும் உரிமமும் வைத்திருக்கிறார். என் தங்கையின் மகளுக்கு அவரைப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊரான இக்காஸ்டிலிருந்து தங்கையின் கணவர் சிவமும், தாய்மாமன் என்ற முறையில் நானும் மாப்பிள்ளை பார்க்கப் போனோம். தேநீரோடு முடிந்திருக்க வேண்டும். லேசோ தீவில் மத்தியானச் சாப்பாடு என்று கிளப்பிவிட்டார். ஏறத்தாழ 180 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

பத்தரைக்குப் புறப்பட்டோம். கடல் தெரியும் முன்பே மேகம் தாழ்ந்தது. திரும்புவதற்குப் பதிலாக ரமணன் அதற்குள் ஏற்றினார். இறக்கையைத் தாங்கும் கம்பியில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு. சில நிமிடங்களில் அது விரல் தடிப்பாகிவிட்டது. முன்கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. இயந்திரம் அலறியது, வேகமுள்ளோ இறங்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி, உது என்ன வெள்ளை?" என்று கேட்டேன்.

"கொஞ்சப் பனிதான் அங்கிள். கரைஞ்சிடும்."

"கரையேல்லை, வளருது. றேடியோவிலை ஆரையும் கேளும்."

"உதுக்கெல்லாம் உதவி கேட்டால்..." சிவத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "மாமா என்ன நினைப்பார்?"

நான் திகைத்துப் போனேன். மூன்று உயிர் தொங்குகிறது. பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் தடுமாறக்கூடாது என்பது இவர் கவலை!

விமானம் குலுங்கி மூக்கைக் கவிழ்த்தது. சிவம் கத்தினார்: "தம்பி, நீர்தான் மாப்பிள்ளை! பொம்பிளை தந்தாச்சு! இனி வெட்கப்படாமல் கேளும்!"

"மச்சான், முதல் இறங்குவம், பிறகு நாள் பாப்பம்" என்றேன்.

அப்போதுதான் ரமணன் றேடியோவைத் தொட்டார். உடனே கீழே இறங்கி ஓல்போர்க் விமான நிலையப் பக்கம் திரும்பும்படி ஒரு பெண்குரல் நிதானமாக டேனிஷில் சொன்னது. தாழ்வாக, வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலான காற்றுக்கு வந்ததும் பனி தகடு தகடாகப் பெயர்ந்து வாலில் மோதியது. ஒவ்வொரு அடிக்கும் வால் போய்விட்டதென்றே நினைத்தேன். ஒருவழியாக ஓல்போர்க்கில் தரையைத் தொட்டோம்.

"பனி எச்சரிக்கையைக் காலமையே வாசிச்சனான்தான். பாத்தீங்களா மாமா, ஒண்டும் நடக்கேல்லை" என்றார் ரமணன்.

திரும்பியது ரயிலில். "வாக்கு வாக்குத்தான் அத்தான்" என்றார் சிவம் என்னிடம். வானத்தைவிட அந்த ரயிலில்தான் எனக்கு அதிர்ச்சி அதிகம். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இத்தகைய சிறு விமானங்கள் பலவற்றில் பனியை உதிர்க்கும் கருவி கிடையாது. பனியைக் கண்டவுடன் மேகத்தைவிட்டு வெளியேறுவதுதான் வழி.

லேசோவுக்குப் போக நினைப்பவர்கள் ஃபிரெடரிக்ஸ்ஹாவ்னிலிருந்து கப்பலில் போக வேண்டும், ஒன்றரை மணி நேரம்தான். பறந்தே தீருவோம் என்பவர்கள், பனி உறையும் எச்சரிக்கை உண்டா என்று ஏறுமுன் விமானியிடம் நேரே கேட்க வேண்டும். உண்டென்றால் வீட்டில் இருக்க வேண்டும். ரமணன் நடந்ததைத் தன் விமானக் கழகத்துக்குத் தானே அறிவிக்க வேண்டும். கழகம் அவரைப் பயிற்றுநர் இல்லாமல் பறக்க விடக்கூடாது. சிவம், உயிர்ப்பயத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க வேண்டும். நடந்ததை வீட்டில் எவரும் அவளுக்கு இன்னும் சொல்லாததால், தங்கையின் மகள் இதை முழுவதும் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, ஓமா இல்லையா என்பதை அவளே சொல்ல வேண்டும்.