உப்புத் தூவிய ஐஸ்

"வீட்டுல பூனை இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தூத்துக்குடியில் மீன் வாங்குகிற வீட்டு வாசலில் பூனை இல்லாமல் இருக்குமா? எங்கள் காம்பவுண்டில் ஐந்து குடித்தனம். பூனைகளுக்குக் கணக்கே கிடையாது. நாங்கள் எதையும் வளர்க்கவில்லை, அவையே வளர்ந்துகொண்டன.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது மூன்றாம் மாதம். முந்தின வருஷம் பிறந்த எங்கள் மூத்த பெண் தலை வீங்கிப் பிறந்து, ஒரு வாரம்கூட இருக்காமல் போய்விட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கிரகணத்தன்று வெளியே போனாயா, படியில் தடுக்கினாயா, பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தினாயா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். நான் டீச்சர். நிற்காமல் எப்படிப் பாடம் நடத்துவது? பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்று சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவர்களும் திருப்தியாகப் போனார்கள்.

இந்தப் புது டாக்டரம்மாதான் டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு பெயரைச் சொன்னார். பூனையின் கழிவிலும் சரியாக வேகாத கறியிலும் இருக்கிற கிருமியாம். தாய்க்குச் சும்மா காய்ச்சல்போல வந்து போய்விடும். வந்ததே தெரியாமலும் போகும். ஆனால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது புதிதாக வந்தால் அது பிள்ளையின் மூளையைப் பிடிக்கும்.

"எப்பவோ வந்து போயிருந்தா உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தப் பிள்ளைக்குப் பயமில்ல. இப்பத்தான் வந்திருக்குன்னா யோசிக்கணும்" என்றார்.

யோசிக்கணும் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. கருவைக் கலைக்கச் சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கும் ஐந்தாம் மாதத்தோடு கெடு.

ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதாதாம். நோய் வந்திருப்பது தெரியும், புதிதா பழையதா என்று தெரியாது. மூன்று வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். அளவு ஏறியிருந்தால் புதிது, அப்படியே நின்றால் பழையது. அந்தச் சோதனை எங்கள் பக்கம் எங்குமே இல்லை. மெட்ராஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

"ஐஸ்ல வச்சுப் பத்திரமா கொண்டு போங்க" என்று என் கணவரிடம் சொல்லி, ரத்தக் குழாயைக் கொடுத்தார். ஐஸைப் பற்றி அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா? இறால் கம்பெனியில் ஐஸ் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். குளித்து வந்தாலும் அவர்மேல் இறால் வாடை போகாது. மசக்கையில் அந்த வாடைக்கே நான் எழுந்து ஓடுவேன். பிளாஸ்க்கில் ஐஸை நொறுக்கிப் போட்டார். அதன்மேல் இரண்டு கை கல்லுப்பை அள்ளித் தூவினார்.

"உப்பு எதுக்கு?" என்று கேட்டேன்.

"வெறும் ஐஸு மதுர தாண்டுமுன்ன தண்ணியாயிரும்ளா. உப்புப் போட்டாத்தான் குளிரு நிக்கும். எத்தன லோடு இப்படி அனுப்பியிருக்கேன்!"

ரயிலேறிப் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "ரத்தம் கெட்டுப்போச்சாம்" என்றார். உப்புப் பட்ட ஐஸ் அளவுக்குமீறிக் குளிர்ந்ததில் ரத்தம் கல்லாக உறைந்து, இளகியபோது அணுக்கள் உடைந்து வெறும் சிவப்புத் தண்ணீராகிவிட்டது. இதில் ஒன்றும் பார்க்க முடியாது, புதிதாக எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"எறாலும் என் ரத்தமும் ஒண்ணாவா தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"கெட்டுப்போயிரக் கூடாதேன்னுதாம்ளா செஞ்சேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் மேற்கொண்டு திட்ட எனக்குத் தெம்பில்லை.

மறுபடி ஊசி, மறுபடி ரயில். இந்தத் தடவை உப்பில்லாத ஐஸ்; வழியில் நின்ற ஸ்டேஷன்களில் எல்லாம் இறங்கி ஐஸ் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டு போனாராம். அதன்பிறகு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் பள்ளிக்கூடம், சாயந்திரம் சமையல், படுத்தால் தூக்கம் வராது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. கை தானாக அங்கே போயிற்று. உடனே எடுத்துக்கொண்டேன். இருக்குமா போகுமா என்று தெரியாத பிள்ளையோடு உறவு வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது ரத்தமும் போய், முடிவு வந்தபோது நாலாம் மாதம் முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டுலயும் ஒரே அளவுதான். பழசும்மா. எப்பவோ வந்து போயிருக்கு. இந்தப் பிள்ளைக்கு அதனால ஒண்ணும் வராது."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த மேஜைமேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அப்பம் மூத்தவளுக்கு வந்தது இதானா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "அவளச் சுமக்கும்போது உங்க மனைவிக்கு வந்திருக்கலாம். அதுக்கும் ரொம்ப முந்தியே வந்திருக்கலாம், பிள்ள வேற எதனாலயாவது போயிருக்கலாம். பழசுன்னு ரத்தம் சொல்லும். எந்த வருஷத்துப் பழசுன்னு சொல்லாது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல வெயில். அவர் எனக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, "ஒருவேள அந்த நோவ அவ வாங்கிக்கிட்டு, இந்தப் பிள்ளைக்குக் காவல் வச்சிட்டுப் போயிருக்காளோ என்னமோ" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ ஒண்ணும் காவலுக்குப் பொறக்கல. நமக்குப் பொறந்தா."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த நாள்முதல் அவளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அழுவேன் என்று அவரும், அவர் மறந்துவிட்டார் என்று நானும் இருந்துவிட்டோம்.

"அவளுக்கு ஒங்க வெரலு. நீட்ட நீட்டமா இருந்துச்சு" என்றேன்.

"பாத்தேம்ளா" என்றார். குடை ஆடியது. அவர் அழுதுகொண்டிருந்தார்.