அத்தையின் கறுப்பு ரிப்பன்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், புத்தகத்தைத் திறக்கும் முன் காதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறாள். பாட்டுதான் கேட்கிறாள் என்று நினைத்து ஒருநாள் அதைப் பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டு இல்லை, டைப்ரைட்டர் சத்தம். யாரோ ஒரு புண்ணியவான் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறான். அதைக் கேட்டால் மனசு அடங்குகிறதாம், படிப்பு தானாக ஏறுகிறதாம். திட்டுவதற்கென்று திறந்த வாயை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "குடும்மா" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்த மகள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

அது கரண்டில் ஓடும் டைப்ரைட்டர். கையால் குத்துகிற பழைய மெஷின் இல்லை. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அப்படி ஒரு மெஷினின் மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தவள் நான்.

அந்த வருஷம் அம்மா தம்பியைப் பெற்றெடுத்துப் பச்சை உடம்போடு ராஜபாளையம் வீட்டில் படுத்திருந்தாள். அப்பா ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். பள்ளிக்கூடமும் மூடியாகிவிட்டதால் என்னை மேய்க்க ஆள் இல்லை. பிள்ளை தூங்கும்போது ஓட்டைவாயை மூடாமல் கத்துகிறேன் என்பது என்மேல் இருந்த பெரிய புகார். அதனால் அத்தை தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றதும் நான் பசிக்கிறது என்பேன், அத்தை பையிலிருந்து முறுக்கு எடுப்பாள். இது ஒரு நாளும் தவறியதில்லை.

ஆபீசின் முன்னறையில் ஒரு குமாஸ்தா பழைய மெஷினில், யார்மேலோ உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்வது மாதிரி அடிப்பார். வரி முடிந்தால் மணி அடிக்கும், மனுஷன் உருளையைப் பிடித்து மடேரென்று தள்ளுவார். அத்தையின் மெஷின் உள்ளறையில். வக்கீல் அதைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். அத்தையைத் தவிர யாருக்கும் அதைத் தொட உரிமை கிடையாது. சுவிட்சைப் போட்டால் முதலில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பிறகு அத்தையின் விரல்கள் அசைவதே தெரியாது, சத்தம் மட்டும் பொலபொலவென்று வரும். வரி முடிந்தால் 'விர்ர்' என்று தானே திரும்பிக்கொள்ளும். பக்கம் முடிந்தால் பேப்பரை உருவுகிற 'கர்ர்ர்'. மேஜைக்கு அடியில் அத்தையின் துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் எனக்கு அந்த முனகல் தரை வழியாகக் காதுக்குள் வரும். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் தூங்கிப்போவேன். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

விழித்திருக்கும் நேரத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த மெஷினின் ரிப்பன். கறுப்பாக, பளபளப்பாக, ஒரு சின்னப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும். ஒரு தடவை ஓடினால் தீர்ந்துவிடும், திரும்ப உதவாது. தீர்ந்ததை ஒருநாள் அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அடித்த எழுத்தெல்லாம் அதில் வெட்டியெடுத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியதுமே கத்திரியால் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டாள்.

"எனக்குத் தந்தா என்ன அத்த?"

"தரக்கூடாதுட்டி. கோர்ட்டுக்கு வாரவங்க சங்கதி அம்புட்டும் இதுல இருக்கு. வெளிய போச்சுன்னா வக்கீல் பேரு கெட்டுப் போயிரும்."

நான் அழுதேன், தரையில் உருண்டேன். தலைகீழாக நின்று பார்த்தும் அத்தை மசியவில்லை.

விடுமுறை முடியும் தறுவாயில் அப்பா லீவில் வந்தார். தம்பியைப் பார்க்க வந்தார் என்று நான் நினைத்திருந்தேன். அத்தைக்குக் கல்யாணம் பேசவும் வந்திருந்தார். மாப்பிள்ளை அப்பாவோடு ராணுவத்தில் இருப்பவர், செட்டியார்பட்டிக்காரர். கல்யாணம் ஆனதும் அத்தை வேலையை விட்டுவிட்டுச் செட்டியார்பட்டியில் மாமியார் மாமனாரோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார் என்று ஏற்பாடு. அப்பா வடக்கே இருந்தபோதே மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் அப்பாவுக்கு சொன்ன சொல் மாறாதவர் என்று பேர். அந்தப் பேரை அவர் இஸ்திரி போட்ட சட்டையைப் போலக் கசங்காமல் வைத்திருந்தார்.

ராணுவத்தில் எல்லாமே எழுத்தில்தான் என்பதால் வீட்டிலும் அப்படியே. வேலையை விடுவதாக ஒரு கடிதம் டைப் அடித்துத் திங்கட்கிழமை வக்கீலிடம் கொடுத்துவிடு என்று அத்தையிடம் சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள். அண்ணன் முகத்துக்கு நேரே நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை. அவர் ஒன்று கேட்டால் பதில் அம்மா வழியாகத்தான் போகும்.

அப்பா வந்தால் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. ராணுவத்தில் அவருக்குத் தந்தி, ஒயர்லெஸ் வேலை. சோப்பு உறை, மருந்துச் சீட்டு, விதைப் பொட்டலம் என்று எதில் இங்கிலீஷ் இருந்தாலும் நான் ஒவ்வொரு எழுத்தாகக் கத்துவேன். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதி, கடைசியில் அது என்ன வார்த்தை என்று சொல்வார். சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்து "ஆர்" என்பார். சினிமா முடிந்ததும் வணக்கம் போடுவது மாதிரி அது ஏதோ முடிவுக்குப் போடுவது என்று நினைத்துக்கொண்டு நானும் "ஆர்" என்று கத்திவிட்டு ஓடுவேன்.

சனிக்கிழமை மத்தியானம். வக்கீலும் குமாஸ்தாவும் வீட்டுக்குப் போயாயிற்று. நான் வழக்கம்போல மேஜைக்கு அடியில் இருந்தேன். அத்தை உடனே கிளம்பாமல் பையிலிருந்து எதையோ எடுத்து மெஷினில் மாட்டினாள். முனகல் கேட்டது. அன்று எழுத்துகள் பொலபொலவென்று வரவில்லை. ஒன்று விழும், நிற்கும், பிறகு இரண்டு மூன்று விழும். தூக்கம் வராமல் நான் எண்ணிக்கொண்டு கிடந்தேன். நாலைந்து தடவை 'விர்ர்' கேட்டது. அப்புறம் முனகல் நின்றுபோனது. நான் வெளியே தலையை நீட்டியபோது அத்தை துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு மெஷினின் உருளையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்பதால் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ரிப்பனைக் கழற்றினாள். நான் கத்திரியை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. ரிப்பன் பெட்டியை என் கையில் வைத்தாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. பஸ்ஸுல பிரிக்காத. காலைல வெயில் வந்த பொறவு எடுத்துப் பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வழி நெடுக அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். வன்னியம்பட்டி விலக்கு வந்தபோது பசிக்கவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோடைமழை பெய்து அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று பேச்சு வந்திருந்தது. அப்பா என்னைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நான் விடிந்ததுமே எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியிலிருந்த ரிப்பனை எல்லாம் உருவிப் போட்டேன். ஏமாற்றமாக இருந்தது. ஒரு முனையில் கொஞ்ச தூரத்துக்குத்தான் எழுத்து, மிச்சமெல்லாம் வெறும் கறுப்பு. இருந்தாலும் விடுவேனா? வெயிலில் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா பென்சிலோடும் காலண்டர் தாளோடும் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"எஸ், ஐ, ஆர்" என்று தொடங்கினேன். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியே இல்லை, எழுத்துகள் ஒட்டி ஒட்டி ஓடின. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அப்பா முதலில் சிரித்துக்கொண்டே எழுதினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பென்சில் மட்டும் நிற்கவில்லை. நான் கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு "ஆர்" என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து என்ன என்று கேட்டாள். அப்பா அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். ஐயா, வேலையை விடுவதாகக் கடிதம் அடிக்கச் சொல்லி அண்ணன் சொல்லியிருக்கிறார், என்னால் அடிக்க முடியவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும், இந்தக் கல்யாணம் வேண்டாம். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

"வக்கீலுக்கு எழுதியிருக்கா" என்றார் அப்பா.

அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அருவிக்குத்தான் என்று நினைத்து நான் துண்டோடு வாசலில் நின்றேன்.

"செட்டியார்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். சைக்கிளை எடுத்தவர் செத்த நேரம் நின்று என்னைப் பார்த்தார். "நீ போயி உங்க அத்தைட்ட 'ஆர்'னு மட்டும் சொல்லு."

அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் எரிச்சலோடு "அப்பா 'ஆர்'னு சொல்லச் சொன்னாவ" என்றேன். அத்தை ஈரக்கையோடு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்து நானும் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

கல்யாணம் நின்றுபோனது. செட்டியார்பட்டிக்காரர் அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. சொல் மாறாதவர் என்ற பேச்சை அப்பாவும் பிறகு யாரிடமும் எடுக்கவில்லை. அத்தைக்கு நாலு வருஷம் கழித்து, வேலைக்குப் போவதைத் தடுக்காத ஒருவரோடு கல்யாணம் நடந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் விவரம் தெரிந்த வயதில் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நம்பி ஒரு பொருளைக் கொடுத்தவளின் ரகசியத்தைத் தெருவே கேட்கக் கத்தியவள் நான். அவள் கல்லில் உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்கவில்லை. வளர்ந்த பிறகும் அத்தையின் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மகளின் அந்த ஒலிப்பதிவை அன்று முழுதாகக் கேட்டேன். பக்கம் முடியும்போதெல்லாம் பேப்பரை உருவுகிற 'கர்ர்ர்' வந்தது. மூன்றாவது தடவை அது வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சனிக்கிழமை அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, அன்னைக்கு நீ மெஷின்ல பேப்பரே சொருகலையே?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. சிரித்தாள்.

"இதக் கண்டுபிடிக்க ஒனக்கு இம்புட்டு வருசம் ஆச்சா? வக்கீலுக்கு எதுக்குட்டி லெட்டர்? அது உங்கப்பாவுக்கு. கட்சிக்காரங்க எழுத்து ஒண்ணுகூட வெளிய வரக்கூடாதுன்னு புது ரிப்பன் நானே வாங்கிட்டுப் போனேன். நீ சத்தமா வாசிப்பேன்னு எனக்குத் தெரியும். நீ வாசிச்சா அவிய எழுதிருவாவன்னும் தெரியும்."

"அப்ப எதுக்கு அழுத?"

"'ஆர்'னா என்னன்னு உங்கப்பா ஒனக்குச் சொல்லவே இல்லையா?" என்றாள். "செய்தி வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். தந்தி வாங்குறவன் கடேசில அதத்தான் அடிப்பானாம். மொத லீவுல வந்தப்ப எனக்குச் சொல்லிக் குடுத்தாவ. அந்த வெளையாட்டு ஒனக்கு முன்னால என்னோடதுட்டி."

அப்பா இப்போது இல்லை. நேருக்கு நேர் பேசிக்கொள்ளத் தெரியாத அண்ணனும் தங்கையும் அன்று காலையில் பேசிவிட்டார்கள், அதுவும் என் வாயால். போன செய்தியும் எனக்குப் புரியவில்லை, வந்த பதிலும் புரியவில்லை. அந்தக் கொல்லையில் இரண்டு பேர் அழுதோம். அத்தை அண்ணனை நினைத்து அழுதாள். நான், அருவிக்குக் கூட்டிப் போகவில்லையே என்று அழுதேன்.